வண்டிக்கு அடியில் வைத்த தட்டு

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததும் அவள் அழவில்லை. அந்தச் சில நிமிடங்களில் மூளைக்குக் காற்று போதாமல் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். கால்கள் இரண்டும் விறைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேச்சு கொஞ்சம் உண்டு, சிரிப்பு நிறைய உண்டு, நிற்க மட்டும் வராது. என் கணவருக்குச் சென்னையில் கொத்தனார் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான்.

விழுப்புரத்தில், ஊரின் ஓரத்தில், கன்னியர் இருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேர மையம் நடத்தினார்கள். பெரிய சிஸ்டர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். சின்ன சிஸ்டர் பிசியோதெரபி படித்தவர். காலையில் ஒரு பழைய பஸ் எங்கள் பக்கத்து ஊர்களைச் சுற்றிப் பதினான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்களை ஏற்றிப் பல வருடம் ஓட்டிவிட்டு மையத்துக்குத் தானமாகக் கொடுத்த வண்டி அது. இன்ஜின் வண்டிக்கு உள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. ஓடும்போது அந்த மூடியின்மேல் கை வைத்தால் சுடும்.

பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள வந்துகொண்டிருந்த பெண் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கும்வரை நான் வருகிறேன் என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். அதன்பிறகு அவர் வேறு ஆள் தேடவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இல்லை. மகளைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

டிரைவர் ஒலக்கூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நெடுந்தூர லாரி ஓட்டி உடம்பு முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்தப் பிள்ளை எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். அந்த வளைவுக்கு முன்னாலேயே வண்டி மெதுவாகிவிடும்.

இன்ஜின் மூடியின் இடுக்கு வழியாக எப்போதும் கொஞ்சம் புகை வந்துகொண்டிருந்தது. எரிந்த எண்ணெய் நாற்றம். நெஞ்சு பலவீனமான இரண்டு பிள்ளைகள் வழி முழுக்க இருமிக்கொண்டு வருவார்கள். என் மகள் வாரத்தில் ஒருநாளாவது வாந்தி எடுத்துவிடுவாள். ஒருநாள் காலையில் அவள் சட்டையை மாற்றிக்கொண்டே டிரைவரிடம் சொன்னேன்.

"அண்ணா, இந்தப் பொகையை எதுனா பண்ண முடியாதா? புள்ளைங்களால தாங்க முடியல."

"பழைய இன்ஜின்மா. உள்ள இருக்கிற பொகை வெளிய போறதுக்குன்னு ஒரு கொழாய் வெச்சிருப்பான். அதுதான் இங்க மூஞ்சில வுட்டுக்கினு இருக்குது. இரு, பாக்கறேன்."

மறுநாள் எங்கிருந்தோ ஒரு பச்சை நிற டியூப் கொண்டுவந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்களே, அந்த மாதிரி. புகை வரும் குழாயின் வாயில் அதைச் செருகிக் கம்பியால் கட்டி, இன்ஜின் ஓரமாகவே இறக்கி, மறுமுனையை வண்டித் தரைக்கு அடியில் விட்டார். அதோடு வண்டிக்குள் புகை நின்றது. இருமலும் நின்றது. நான் அவருக்கு நன்றி சொன்னேன். என் ஒரு வார்த்தையால் பதினான்கு பிள்ளைகளுக்கு நல்லது நடந்துவிட்டது என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். மையத்து முற்றத்தில் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம். டிரைவர் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"ஆயிலு," என்றார். "சொட்டட்டும். பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும். சொட்டலன்னாதான் பயப்படணும், உள்ள ஆயிலே இல்லன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த வாரம் முடிவதற்குள் வட்டம் தட்டளவு ஆகியிருந்தது. அடுத்த வாரம் அது ஒரே இடத்தில் இல்லை. முன்னால் மூன்று, நடுவில் இரண்டு, பின்னால் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று.

வேறு இடமாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை. எங்கள் மையத்தில் நடக்கிற பிள்ளைகள் குறைவு, தவழ்கிற பிள்ளைகள்தான் அதிகம். வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் அவர்கள் முற்றத்துச் சிமெண்டுப் பாதையில் தவழ்ந்தே கூடத்துக்குப் போகவேண்டும். அதுவும் பயிற்சிதான், தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது சின்ன சிஸ்டரின் கட்டளை. அவர்கள் கையும் முட்டியும் படுகிற இடத்தில் எண்ணெய் வழுக்கியது. ஒரு பிள்ளைக்கு முகவாயில் அடிபட்டது. இன்னொரு பிள்ளை கறுத்த உள்ளங்கையை என் புடவையில் துடைத்துவிட்டுச் சிரித்தது.

அன்றிலிருந்து எண்ணெய் என் வேலையாகிவிட்டது. சமையலறையில் காலியான எண்ணெய் டின்களை வாங்கி டிரைவர் வெட்டி விரித்து விளிம்பை மடித்துத் தட்டுகளாக்கிக் கொடுத்தார். வண்டி நின்றதும் நான் மண்டி போட்டு அடியில் புகுந்து ஒவ்வொரு சொட்டுக்கும் நேராக ஒரு தட்டை நகர்த்தி வைப்பேன். காற்று அடித்தால் சொட்டு விலகி விழும், மறுபடியும் நகர்த்துவேன். மரம் அறுக்கும் கடையிலிருந்து ரம்பத்தூள் மூட்டையில் வரும். தரையில் விழுந்ததன்மேல் அதைத் தூவி, ஊறியதும் கூட்டி அள்ளி, சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பேன். தட்டில் சேர்ந்ததை ஒரு கேனில் ஊற்றிப் பூட்டி வைப்பேன். காலையில் டிரைவர் இன்ஜினில் புது எண்ணெய் ஊற்றுவார். சாயங்காலத்துக்குள் அதில் பாதி என் தட்டுகளுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுகூட என் விரலில் அந்த நாற்றம் இருந்தது. மகள் என் கையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. சின்ன சிஸ்டர் என் மகளை ஒரு கம்பியைப் பிடித்து நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தார். முட்டி மடங்காமல் அவள் நிற்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். முதலில் மூன்று எண்ணுவதற்குள் விழுந்தவள், மெல்ல மெல்ல ஏறி, ஒருநாள் இருபது எண்ணும்வரை நின்றாள். நான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து ஓடிவந்து பார்த்தேன். கையெல்லாம் எண்ணெய். தொடமுடியாமல் தள்ளி நின்றே அழுதேன்.

அதற்கு மறுவாரம் நான் ஒரு பத்து நிமிடம் கவனம் தவறினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஊட்டவேண்டிய பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, எல்லாரிலும் சின்னவள், கூடத்திலிருந்து நழுவி, தவழ்ந்து, வண்டிக்கு அடியில் போய்விட்டது. நான் தேடிப்போனபோது ஒரு தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கன்னம், வாய், நாக்கு எல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்துக் கை தட்டியது.

எப்படித் தூக்கினேன், எப்படி ஆட்டோ பிடித்தோம் என்பது எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும், மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். சாயங்காலம்வரை அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. குழந்தையின் அப்பா வந்தார். காணை ரோட்டில் கரும்புச்சாறு கடை வைத்திருப்பவர், என்னைவிட வயதில் சின்னவர். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ளைங்களப் பாத்துக்கத்தானக்கா நீங்க வர்றீங்க? வேற இன்னா வேலை உங்களுக்கு?"

எண்ணெய் துடைக்கிற வேலை என்று எப்படிச் சொல்வது? மறுநாளிலிருந்து அவர் குழந்தையை அனுப்பவில்லை.

பெரிய சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. வண்டி இனிமேல் கேட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து டிரைவரும் நானும் பதின்மூன்று பிள்ளைகளையும் ரோட்டிலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தோம். சாயங்காலம் அதேபோலத் தூக்கிக்கொண்டு போனோம். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அதற்கும் மேலே வேறொரு பயம் வந்து சேர்ந்தது. எஃப்.சி. நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் காட்டிச் சான்று வாங்கவேண்டும். எண்ணெய் ஒழுகும் வண்டிக்குத் தரமாட்டார்கள்.

திண்டிவனத்தில் டிரைவருக்குப் பழக்கமான பட்டறை ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை வண்டியை அங்கே கொண்டுபோனார். வழியில் எண்ணெய் ஊற்றவும் நின்று பார்க்கவும் ஆள் வேண்டும் என்றதால் நானும் மகளும் கூடப்போனோம். பட்டறையில் இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார்கள். அது சேருமிடத்தில் எண்ணெய் கசியாமல் அடைக்க வைத்திருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்து, பசை தடவி, முடுக்கினார்கள். பொழுதுக்கும் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது வண்டிக்கு அடியில் துடைத்துவிட்டது போல இருந்தது. டிரைவர் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ வருவதற்குள் நான் குனிந்து பார்த்துவிட்டேன். பழக்கம் அப்படி. ரோட்டில் ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

"அண்ணா."

அவர் கிளாஸோடு வந்து குனிந்தார். நிமிரவே இல்லை. "தண்ணியா இருக்கும்," என்றார்.

அது தண்ணீர் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பட்டறைக்காரர் போனில், இன்ஜினே தேய்ந்துவிட்டது, முழுக்கப் பிரித்துச் செய்தால்தான் உண்டு என்றார். மையத்தின் சக்திக்கு அது மீறியது. பெரிய சிஸ்டர் போனை வைத்துவிட்டுச் சிற்றாலயத்துக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஜெபம் வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஒரு கணக்கு. எஃப்.சி. பார்க்கிற அரை மணி நேரம் சொட்டாமல் இருந்தால் போதும்.

எஃப்.சி. அன்று விடிந்ததும் இன்ஜினையும் அடிப்பாகத்தையும் டீசல் விட்டுக் கழுவினோம். சோப்பு போட்டோம், துணியால் ஒற்றினோம். டிரைவர் எண்ணெயை வழக்கத்தைவிடக் குறைவாகவே ஊற்றினார். நான் என் மகளுக்கு நல்ல கவுன் போட்டு, பவுடர் பூசி, இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவளை அன்று கூட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியமே இல்லை. அவளைப் பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்துத்தான் கொண்டுபோனேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். விளக்கு பார்த்தார், பிரேக் பார்த்தார், அவசரக் கதவைத் திறந்து மூடச் சொன்னார். தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இன்ஜினை ஓடவிட்டு வைங்க," என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன், கடைசியில் கீழேதான் பார்த்தேன். முதல் சொட்டு விழுந்தது. நான் நகர்ந்து அதன்மேல் காலை வைத்தேன். செருப்பால் தேய்த்தேன். இரண்டாவது விழுந்தது. என் ஒரு காலால் எத்தனையைத்தான் மறைக்க முடியும்?

அவர் திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன்.

"சார், இந்த ஒரு வாட்டி பாத்து பண்ணுங்க சார். இந்த வண்டி இல்லன்னா எங்க புள்ளைங்களுக்கு வேற வழி கெடையாது சார். இவ இப்பதான் சார் நிக்கவே ஆரம்பிச்சிருக்கா."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதுக்காகத்தான்மா சொல்றேன்," என்றார். குரல் உயரவில்லை. "இன்ஜின் வண்டிக்குள்ளேயே இருக்கு. இந்த ஆயில் சூடான சைலன்சர் மேல பட்டுத் தீப் புடிச்சா மத்த ஸ்கூல் புள்ளைங்க குதிச்சி ஓடிடும். உங்க புள்ளைங்க ஓடுமா?"

சான்று கிடைக்கவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். நல்ல கவுனின் ஓரத்தில், என் கை பட்ட இடத்தில், கறுப்பு படிந்திருந்தது.

வண்டி நின்ற நாள்கள் நாற்பது. பெரிய சிஸ்டர் யார் யாரிடமோ வேறு வண்டி கேட்டு அலைந்தார். டிரைவர் திண்டிவனம் பக்கம் காய்கறி வண்டி ஓட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். முதல் நாள் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். இரண்டாம் நாள் நிற்கக்கூட இடமில்லை. கூட்டத்தில் அவளுக்குப் பயத்தில் உடம்பு விறைத்துவிட்டது. கால்கள் கம்பி போல நீண்டு முன்னால் நின்றவர் முதுகில் உதைத்தன. அவர் திரும்பிப் பார்த்துத் திட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் படியில் ஏறும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து விழுந்தோம். அதோடு நிறுத்தினேன்.

வீட்டில் நானே பயிற்சி கொடுத்தேன். சின்ன சிஸ்டர் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்து எண்ணினேன். பதினைந்து வந்தது. அடுத்த வாரம் பத்து. குதிகால் தரையில் பட மறுத்து மேலே இழுத்துக்கொண்டது. கெண்டைக்கால் சதை கல்லைப் போல ஆகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் அவள் கால் பூட்டிக்கொள்வதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். நீட்டினால் அலறுவாள். ஒருநாள் அவள் அலற அலற நான் விடாமல் அழுத்தினேன். பிறகு பயந்துபோய் அவளைத் தரையில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து நின்றேன். அன்றைக்கு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் மறுபடியும் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி, கூட்டத்தைப் பார்த்ததும் ஏற மனம் வராமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில். பக்கத்தில்தான் அந்தக் கரும்புச்சாறு கடை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். பிறகு ஒரு டம்ளர் சாறோடு வந்து என் மகளிடம் நீட்டினார்.

"உட்காருங்கக்கா. அன்னிக்கி நான் பேசினது தப்பு. மனசுல வெச்சிக்காதீங்க."

நான் அழுதுவிட்டேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். பட்டறை, கூட்டேரிப்பட்டு, இன்ஸ்பெக்டர், எல்லாம். அவர் கடையில் கரும்பு பிழியும் மிஷின் ஒரு சின்ன டீசல் இன்ஜினில்தான் ஓடியது. அதை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"புதுப் பேக்கிங் போட்டும் ஒழுகுதா? ஒரே எடத்துலயா, எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும்."

"ஆயில் அளவு பாக்கற குச்சி இருக்குமே, அது ஒழுங்கா நிக்குதா?"

நிற்காது. எத்தனை முறை அழுத்தி வைத்தாலும் வண்டி ஓடினால் தானாக மேலே எழும்பிவிடும். தேய்ந்துபோனதால் அப்படி என்று நினைத்து, டிரைவர் அதைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார். அதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, அது மூச்சு முட்டிக்கினு கெடக்குதுக்கா. உள்ள இருக்கிற பொகை போறதுக்கு வழி இல்ல. அதான் ஆயில கெடைச்ச சந்துல எல்லாம் நெட்டித் தள்ளுது. எங்க மிஷின் ஒரு வாட்டி இதே மாதிரி பேஜாரு பண்ணுச்சி."

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் மேலும் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பச்சை டியூப்தான் கண்முன் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையை அடைத்துவிட்டு மையத்துக்கு வந்தார். டிரைவரும் வந்திருந்தார். மூடியைத் தூக்கினோம். இன்ஜினின் சூட்டிலும் எண்ணெயிலும் அந்த டியூப் இளகி, வளைவில் மடிந்து, இரண்டு பக்கமும் ஒட்டிப்போய்த் தட்டையாக இருந்தது. ஊசி நுழைய வழி இல்லை. பட்டறையில் கீழே படுத்து வேலை செய்தவர்கள் யாரும் மூடியைத் திறந்து மேலே பார்க்கவில்லை. கரும்புச்சாறுக்காரர் இன்ஜினை ஓடவிடச் சொல்லி, கம்பியை அறுத்து, டியூப்பைப் பிடுங்கினார். புஸ்ஸென்று புகை பீறிட்டது. ரப்பரை அவிழ்த்த பிறகும் குச்சி எழும்பாமல் இருந்த இடத்தில் இருந்தது.

கீழே அட்டையை விரித்துவிட்டு உட்கார்ந்தோம். ஏற்கெனவே ஒட்டியிருந்தது இரண்டு மூன்று சொட்டு விழுந்தது. அதன்பிறகு விழவில்லை. அரை மணி நேரம் பார்த்தோம். பிறகு இன்னொரு அரை மணி.

டிரைவர் வண்டிப் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி வருஷமா வண்டியோடவே கெடக்கறேன். இதுகூடத் தெரியலியே எனக்கு. என் கையாலயே கழுத்த நெறிச்சிட்டு, அடியில போயி படுத்துக்கினு கெடந்திருக்கேன் பாரு."

"நான்தான் அண்ணா பொகை வருதுன்னு சொன்னேன். நான் சொல்லலன்னா நீங்க மாட்டியிருக்க மாட்டீங்க."

"நீ சொன்னம்மா. மாட்டனது யாரு?"

"புள்ளைங்க இருமினாங்க, மாட்டினீங்க," என்றார் கரும்புச்சாறுக்காரர். "வுடுங்க. இரும்புக் கொழாயா போட்டு வெளிய எடுத்துடலாம். மடியாது." மறுநாளே தன் மிஷினுக்கு வேலை செய்யும் ஆளிடம் சொல்லி வளைத்துக் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார்.

பெரிய சிஸ்டரிடம் நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டியூப் போடச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டி ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன். "அப்போ பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணும்மா," என்றார். அவர் மன்னித்தாரா, மன்னிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே இன்ஸ்பெக்டர்தான் மறுபடியும் பார்த்தார். இந்த முறை மகளை நான் கொண்டுபோகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க அவர் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் லேசான பிசுக்கு மட்டும். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்து போட்டார். டிரைவர் அவரைக் கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். குனிந்து இன்னொருமுறை வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாள் சின்ன சிஸ்டர் என் மகளைக் கம்பியில் நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முட்டி மடங்கிவிட்டது. மறுபடியும் நிறுத்தினார். மறுபடியும் நான்கு. சின்ன சிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. "வரும், வரும். மொதல்ல இருந்து பாப்போம்," என்று அவளிடம் சொல்லிக்கொண்டே கெண்டைக்காலை நீவினார். அதற்குப் பிறகு பல மாதம் உழைத்தும் அவள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. குதிகால் நரம்பைத் தளர்த்த ஆபரேஷன் செய்யவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாற்பது நாள் இல்லாவிட்டாலும் அது வேண்டியிருந்திருக்குமா என்று ஒருமுறை கேட்டேன். சொல்லமுடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

பழையபடி வண்டி முற்றத்துக்குள் நிற்கிறது. பின்பக்கத்து சீல் பழசாகிவிட்டதால் எப்போதாவது ஒரு சொட்டு விழும். ஒரே ஒரு தட்டு வைக்கிறேன். கரும்புச்சாறுக்காரர் தன் குழந்தையை மறுபடியும் அனுப்புகிறார். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. ஒரு பிள்ளையை அதன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு குடும்பம், இனி இந்த வண்டியை நம்பிப் பயனில்லை என்று, பிள்ளையோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருந்தது அவர்களுடைய ஓட்டு வீடு. கதவில் பூட்டு தொங்கியது.

வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கிய முதல் நாள் டிரைவர் அந்த வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். மறுநாளும் நிறுத்தி அடித்தார். மூன்றாம் நாள் நான் சொன்னேன்.

"அவங்க போயிட்டாங்க அண்ணா. வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்களே."

"தெரியும்மா."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கியரைப் போட்டு மெதுவாக வண்டியை எடுத்தார்.